பன்னிரண்டே படம்

எங்கள் வீட்டு மாடியில் ஓசூர்ப் பையன் ஒருவன் குடியிருக்கிறான். சாஃப்ட்வேர் வேலை. ஈஜிபுராவில் பாதி வாடகை வீடுகளில் இப்படி ஒரு பையன் இருப்பான், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் இவன் கையில் நல்ல போன் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்பேட்டை சந்தைக்குப் போய், பழைய பிலிம் கேமராவாகப் பார்த்து வாங்கி வருகிறான்.

போன வாரம் ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினான். "அங்கிள், இது ஜெர்மன் கேமரா. அக்ஃபா கிளிக் 3. எப்படி இருக்கு?"

"திருப்பிப் பாருடா" என்றேன். மேட் இன் இந்தியா என்று இருந்தது. பையன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

அவனுக்கு அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டு பீரோவிலும் இந்தப் பெட்டி இருந்திருக்கும் என்பதால்.

முதலில், கேமரா என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்ற எண்ணம் முழுக்க சரியில்லை. 1940களில் கேரளத்து ஆலப்புழையில் இசைக்கருவிகள் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. ஆர்மோனியத்துக்குத் துருத்தி தைக்கிற இடம். ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன் கேமராவின் துருத்தி கிழிந்துவிட்டது என்று அங்கே கொண்டு வந்தார். கடைக்காரர் மகன் கருணாகரன் அதைச் சரி செய்து கொடுத்தார். பிறகு, இதையே முழுசாகச் செய்தால் என்ன என்று தோன்றி, தேக்கு மரமும் பித்தளையும் வைத்துத் தானே கேமரா செய்ய ஆரம்பித்தார். அதுதான் வாகீஸ்வரி கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பார்களே, அந்த வகை. நாட்டில் பல ஊர் ஸ்டூடியோக்களில் பல வருஷம் ஓடியது.

ஆனால் அது ஸ்டூடியோக்காரரின் கேமரா. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குள் வந்தது கிளிக் 3. கிளிக் வரிசையை அக்ஃபா ஜெர்மனியில் தொடங்கியது 1950களின் கடைசியில். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. அதனால் பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி அக்ஃபா பெயரில் இங்கேயே தயாரித்தது. பையன் கண்டுபிடித்த 'ஜெர்மன் கேமரா' பிறந்த இடம் குஜராத்!

அதில் ஒன்றுமே கிடையாது. பேட்டரி கிடையாது, மீட்டர் கிடையாது. வெயிலா மேகமா என்று பார்த்து லென்ஸைச் சுற்றி உள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல். பிலிமைச் சுற்றச் சுற்ற அதில் நம்பர் வரும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அக்ஃபா ஐசோலி என்று இன்னொன்று இருந்தது, அதே ரோலில் சின்ன சைஸில் பதினாறு படம் வரும். சிக்கனக்காரர்கள் அதை வாங்கினார்கள்.

கரூரில் தபால் ஆபீசில் வேலை பார்த்த என் அப்பாவிடம் இருந்தது கிளிக் 3. பொங்கலுக்கு மூன்று படம், தாத்தா வந்தால் ஒன்று, பழனிக்குப் போனால் நான்கு என்று முன்கூட்டியே பட்ஜெட் போடுவார். நடுவில் யாராவது "என்னை ஒண்ணு எடுங்க மாமா" என்றால் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்துவது போல பாவனை செய்வார். பிலிம் நகராது! இந்த ரகசியம் எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, உள்ளே போட்ட பிலிம்? அங்கேதான் நம்ம ஊர் வருகிறது.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற சாலையில் இந்து நகர் என்று ஓர் இடம் உண்டு. மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் ஊர் அது. பிரான்ஸ் நாட்டு பாஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிமுக்கு வைத்த பெயர் 'இந்து'. இந்து என்றால் நிலா. பிலிமில் பூசுவது வெள்ளி உப்பு, நிலாவும் வெள்ளி. யார் வைத்தார்களோ, நல்ல ரசிகர்.

ஏன் ஊட்டி? பிலிம் செய்யக் குளிர் வேண்டும், தூசியில்லாத காற்று வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சீராகப் பூச வேண்டும். இதில் முக்கால்வாசி வேலை இருட்டில்தான். துளி வெளிச்சம் பட்டாலும் சரக்கு முழுதும் வீண். கை தடவிப் பழகிய ஆட்கள் ஷிப்ட் ஷிப்டாக இருட்டுக்குள் நின்று செய்த சாமான், ஊர் ஊராக வெளிச்சத்தைப் படம் பிடித்தது. வீட்டு போட்டோ மட்டும் இல்லை, சினிமாவுக்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேவுக்கும் அங்கிருந்து பிலிம் போனது.

பிறகு என்ன ஆயிற்று? இங்கே கொஞ்சம் பேங்க்காரனாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்துவின் பலம் கறுப்பு வெள்ளை. 1980களில் கல்யாண வீடு முழுக்கக் கலருக்கு மாறிவிட்டது. கம்பெனி எக்ஸ்ரே பக்கம் திரும்பி, அமெரிக்க டூபான்ட் தொழில்நுட்பத்தில் பாலியஸ்டர் பிலிம் திட்டம் ஒன்றைப் பெரிய கடன் வாங்கிப் போட்டது. திட்டம் முடிந்து சரக்கு வருவதற்கும், 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைவதற்கும் சரியாக இருந்தது. வெளிநாட்டுப் பிலிம் மலிவாக வந்து இறங்கியது. சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் வட்டி தூங்காது. 1990களின் நடுவிலேயே கம்பெனியின் சொந்தப் பணம் முழுதும் கரைந்து, நலிந்த தொழில்களுக்கான பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்துக்குப் போனது. 2003-ல் மூடலாம் என்று வாரியம் சொன்னது. 2014-ல் மத்திய அமைச்சரவை மிச்சமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது.

டிஜிட்டல் வந்து கொன்றுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கைப் பார்த்தால், டிஜிட்டல் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே நோயாளி படுத்தாகிவிட்டது. உலகத்துக்கே பிலிம் விற்ற கோடக்கும் 2012-ல் திவால் மனு போட்டது என்பது வேறு கதை. கல்கத்தா ஜாதவ்பூரில் 'நேஷனல் 35' கேமரா செய்த அரசு நிறுவனமான நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் மூடிப்போய், 2009-ல் அந்த இடம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

"அப்போ இதுக்கு பிலிம் கிடைக்காதா அங்கிள்?" என்றான் பையன்.

கிடைக்கும் என்பதுதான் வேடிக்கை. கிளிக் 3-ல் போடுவது 120 ரோல். கோடக் அந்த அளவைக் கொண்டு வந்தது 1901-ல். அதே அளவில் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு இன்றும் ரோல் செய்கிறது. என் பேங்கில் பத்து வருஷத்துக்கு முந்தைய சாஃப்ட்வேர் ஃபைல் திறக்காது. 1901-ன் அளவு இன்னும் வேலை செய்கிறது!

பையனிடம் ரஷ்யாவின் ஜெனிட் ஒன்றும் இருக்கிறது. செங்கல் கனம். ரூபாயிலேயே சோவியத் நாட்டோடு வியாபாரம் நடந்த காலத்தில், ஜப்பான் கேமராவுக்கு வழியில்லாதவர்கள் வாங்கியது. ஜப்பான் சரக்கு வேண்டும் என்றால் சிங்கப்பூர் மாமா வர வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். ஜெனிட்டில் இருக்கும் ஹீலியோஸ் 58 மில்லிமீட்டர் லென்ஸ், ஜெர்மனியின் ஜைஸ் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது. முகம் தெளிவாக நிற்க, பின்னால் இருக்கிற இலையெல்லாம் சுழன்று சுழன்று போகும். அந்தக் காலத்தில் அதைக் குறை என்றார்கள். இப்போது அந்தக் குறைக்காகவே தேடி வாங்கி, புது டிஜிட்டல் கேமராவில் ஒரு வளையம் வைத்து மாட்டுகிறார்கள்.

இந்தப் பசங்களுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று யோசித்தேன். போனில் நானூறு படம் எடுத்து ஒன்றையும் பார்ப்பதில்லை. பன்னிரண்டே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு அது கஷ்டம், இவனுக்கு அது ருசி.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 2010-ல் என் மகளின் முதல் பிறந்த நாளுக்கு டிஜிட்டலில் முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். ஹார்டு டிஸ்க் போனது, அத்தனையும் போனது. ஒரு பிரிண்ட்கூடப் போடவில்லை. 1981-ல் என்னை அம்மா மடியில் வைத்து அப்பா எடுத்த நெகடிவ் இன்னும் இருக்கிறது, ஸ்டூடியோ கவரோடு. அன்று மகளுக்கும் பையனுக்கும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஓரத்தில் 'இந்து' என்று பொடி எழுத்து. ஊட்டியில் யாரோ இருட்டில் நின்று பூசியது. கம்பெனி போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார். அவர்கள் செய்த வேலை கையில் இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது பீரோவைத் திறந்து பாருங்கள். நெகடிவ் இருந்தால் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வினிகர் வாசனை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பையனின் கிளிக் 3-ல் முதல் ரோல் போட்டாகிவிட்டது. பன்னிரண்டில் ஒன்று எங்கள் குடும்பத்துக்கு என்று சொல்லியிருக்கிறான். என்ன சட்டை போடுவது என்று வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு நடக்கிறது.