கடைமடையின் சத்தம்



பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தெரியும். சிறுநீரகமே பிரஷரை உண்டாக்குமா?

1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தில் இரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனினைக் கண்டார்கள். பிறகு அது மறக்கப்பட்டது. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் இரு சிறுநீரகங்களுக்கும் இரத்தம் போகும் குழாய்களை வெள்ளிக் கவ்வியால் நெருக்கினார். அழுத்தம் ஏறியது, இறங்கவில்லை.

நம் வைகைப் பாசனக்காரருக்கு இது புரியும். வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக்காரர் தண்ணீர் கேட்டுச் சத்தம் போடுவார். மேலே கூடுதலாகத் திறந்தால் மற்ற கரைகள் உடையும். சிறுநீரகம் போடும் சத்தம்தான் ரெனின்.

முதியவருக்குக் கொழுப்புப் படிந்தும், நம் நாட்டு இளவயதினருக்கு டகாயாசு என்ற இரத்தக்குழாய் அழற்சியாலும் இக்குழாய் சுருங்கலாம். பிள்ளைகளே, இளவயதிலேயே பிரஷர் என்றால் மாத்திரையை விடாதீர்கள், "சிறுநீரக இரத்தக்குழாயையும் பார்க்கணுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.