அருவி என்னும் பெயரும் மறைந்த எச்சரிக்கையும்

மென்பொருள் உருவாக்கத்தைக் கற்பிக்கும் பாடநூல்கள் பலவும் ‘அருவி மாதிரி’யிலிருந்தே தொடங்குகின்றன. தேவைகளை வரையறுத்தல், பகுத்தாய்தல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், பயன்பாட்டுக்கு விடுதல் எனப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். முடிந்த கட்டத்துக்கு மீளுதல் இல்லை. இதன் மூலமாகச் சுட்டப்படுவது, 1970இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாநாட்டில் வின்ஸ்டன் ராய்ஸ் வழங்கிய கட்டுரை.

அக்கட்டுரையை முழுமையாகப் படிப்போமாயின் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, ‘அருவி’ என்னும் சொல் அதில் ஓரிடத்தும் இல்லை. மற்றொன்று, படிகளாக இறங்கும் கட்டங்களைப் படமாக வரைந்த ராய்ஸ், அவ்வாறே செயற்படுவது இடர்மிக்கது, தோல்வியை வரவழைப்பது என உடனே எச்சரிக்கிறார். காரணமும் கூறுகிறார். நிரல் இயங்க ஆகும் நேரமும் கொள்ளும் நினைவகமும் சோதனைக் கட்டத்தில்தான் முதன்முதலாக உண்மையில் தெரியவரும். அங்கே பெருங்குறை வெளிப்பட்டால் வடிவமைப்புக்கோ தேவைகளுக்கோ திரும்ப நேரும். காலமும் செலவும் இருமடங்காகக் கூடும். ஆதலின், முன்னோட்டமாக ஒருமுறை செய்து பார்த்தபின் மீண்டும் செய்தல், வாடிக்கையாளரை இடையிடையே ஈடுபடுத்தல் முதலியவற்றை அவர் பரிந்துரைத்தார்.

‘அருவி’ என்னும் பெயரை 1976இல் பெல், தேயர் இருவரும் எழுதிய கட்டுரையில் காண்கிறோம். உவமையால் அமைந்த பெயர் உவமையின் இயல்பையும் உடன் கொணரும் என்பதை மொழியியல் பயின்றோர் அறிவர். அருவி வீழும், மேலேறாது. பெயர் பரவப் பரவப் படம் நிலைத்தது. படத்தை வரைந்தவரின் எச்சரிக்கை மறைந்தது. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 எனும் தரநிலை, ஒப்பந்தக்காரர் பலரால் இவ்வரிசையைக் கட்டாயமாக்கும் விதியாகவே கொள்ளப்பட்டது.

மாற்றம் படிப்படியாக வந்தது. பேரி போம் 1988இல் விரித்துரைத்த சுருள் மாதிரியில், ஒவ்வொரு சுற்றிலும் இடர்களை ஆராய்ந்த பின்னரே பணி தொடரும். பழைய தரநிலைக்கு மாற்றாக 1994இல் புதியது வந்தது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் கூடிய பதினேழு வல்லுநர்கள் அஜைல் கொள்கை அறிக்கையை உருவாக்கினர். வகுத்த திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதையே அவர்கள் உயர்வாக மதித்தனர்.

திரும்பிப் பார்த்துத் திருத்தும் வழியை ராய்ஸும் முன்னரே காட்டியிருந்தார். ஆகவே, வகுப்பறையில் அருவி மாதிரியைக் கற்பிக்கும் ஆசிரியர், முதற்படத்தோடு நில்லாமல் கட்டுரையின் எஞ்சிய பக்கங்களையும் மாணவர்க்குப் படித்துக்காட்டுதல் நலம்.