தொடர் நாயகன்: என்.பி.ஏ. இறுதித் தொடர் தன் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்த வரலாறு

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் பட்டங்களின் எண்ணிக்கையில் பில் ரசலை மிஞ்சிய வீரர் இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக அவர் ஆடியது 13 பருவங்கள். வென்றது 11 பட்டங்கள். ஆனால் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது, நம் கிரிக்கெட் வழக்கில் சொன்னால் தொடர் நாயகன் விருது, அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அந்த விருது முதன்முதலாக வழங்கப்பட்டதே 1969இல்தான். அது ரசல் ஆடிய கடைசித் தொடர். பட்டம் அவருக்கு வந்தது, விருது எதிரணிக்குப் போனது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே விருதுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

இதைக் காலக்கோளாறு என்று ஒதுக்கிவிட்டால் ஒரு நல்ல கேள்வி கைநழுவிவிடும். ஒரு தொடரில் யார் சிறந்தவர் என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்? இந்த விருதின் வரலாற்றை இரண்டு காரணிகள் நடத்திவந்திருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் எதையெல்லாம் எண்ணினார்கள் என்பது ஒன்று. பட்டத்தை எந்த அணி வென்றது என்பது மற்றொன்று. முன்னதன் பார்வை காலப்போக்கில் விரிந்தது. பின்னதன் பிடி ஆண்டுக்கு ஆண்டு இறுகியது.

விருதுக்கு முன்

என்.பி.ஏ.வின் முன்னோடியான பி.ஏ.ஏ. 1946 ஜூனில் நியூயார்க்கில் தொடங்கியது. முதல் இறுதித் தொடரில் பிலடெல்பியா வாரியர்ஸ், சிகாகோ ஸ்டாக்ஸ் அணியை 4-1 என வென்றது. அதன் முதல் ஆட்டத்தில் ஜோ ஃபல்க்ஸ் 37 புள்ளிகள் எடுத்தார். ஓர் அணி மொத்தமாக எண்பது புள்ளி எடுப்பதே நல்ல கணக்காக இருந்த காலம் அது.

அடுத்து வந்த ஜார்ஜ் மைக்கன், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு 1949 முதல் 1954க்குள் ஐந்து பட்டங்கள் வாங்கித் தந்தார். 1949 தொடரின் நான்காம் ஆட்டத்தில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மீதியையும் ஆடி முடித்தார். அவருக்காகவே விதிகளில் கை வைத்தார்கள்: கூடைக்கு அடியில் அவர் நிலைகொண்டு நிற்க முடியாதபடி, அந்தப் பகுதியின் அகலம் 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது. ஒரு வீரரின் தரத்துக்கு இதைவிட நேரடியான சான்றிதழ் வேண்டுமா?

மைக்கனின் அணியை முடக்க மற்ற அணிகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தின. 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் 19-18 என்ற கணக்கில் லேக்கர்ஸை வீழ்த்திய ஆட்டம் இதன் உச்சம். இதற்கு முடிவு கட்டியது 1954-55 பருவத்தில் வந்த 24 விநாடி விதி. சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் போட்ட கணக்கு எளிமையானது. 48 நிமிட ஆட்டத்தில் 2,880 விநாடிகள், பார்க்கத் தகுந்த ஆட்டமென்றால் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறியும், வகுத்தால் 24. அந்த ஒரு பருவத்திலேயே அணிகளின் சராசரி 79.5 புள்ளிகளிலிருந்து 93.1க்கு ஏறியது. பட்டம் வென்றதும் பியாசோனின் அணிதான்: ஏழாம் ஆட்டத்தில் 92-91.

வேகம் கூடியதும் தனி வீரரின் எண்கள் தலைப்புச் செய்தியாயின. 1958 தொடரின் ஆறாம் ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணியின் பாப் பெட்டிட் 50 புள்ளிகள் குவித்து, செல்டிக்ஸை 110-109 என வீழ்த்திப் பட்டத்தை முடித்துவைத்தார். 1962 தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் லேக்கர்ஸின் எல்ஜின் பெய்லர் எடுத்த 61 புள்ளிகள் இறுதித் தொடர்களின் சாதனையாக இன்றும் நிற்கின்றன. இவர்களுக்கு விருதென்று தனியாக ஒன்றும் இல்லை.

எண்ணப்படாத ஆட்டம்

ரசலின் ஆட்டம் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்கவில்லை. புள்ளி, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகியவற்றைத்தான் அப்போது எழுதினார்கள். எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிடும் பிளாக், பந்தைப் பறிக்கும் ஸ்டீல் ஆகிய இரண்டும் 1973-74இல்தான் ஸ்கோர் ஷீட்டில் ஏறின. ரசலின் தொழிலே முதல் வேலைதான். பந்தைத் தட்டினாலும் கோட்டுக்கு வெளியே பறக்கவிடாமல் தன் அணிக்காரர் கைக்குப் போகும்படி தட்டுவார். அங்கிருந்து செல்டிக்ஸின் எதிர்த்தாக்குதல் கிளம்பும். கூடையில் போட்டவருக்குப் புள்ளியும் கொடுத்தவருக்கு அசிஸ்டும் எழுதப்படும். தட்டிவிட்டவருக்கு ஒரு கோடுகூட விழாது.

எண்ணப்பட்டவற்றிலேயே அவர் சளைத்தவர் அல்லர் என்பதற்கு 1962 தொடரின் ஏழாம் ஆட்டம் போதும். 30 புள்ளிகள், 40 ரீபவுண்ட்கள். கூடுதல் நேரம் வரை நீண்ட அந்த ஆட்டத்தைச் செல்டிக்ஸ் 110-107 என வென்றது. வழக்கமான நேரம் முடியும் தறுவாயில் லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வி எறிந்த பந்து கூடையில் விழுந்திருந்தால் கதையே வேறு. அன்று விருது ஒன்று இருந்து, 61 புள்ளி எடுத்த பெய்லரா, ரசலா என்று கேட்டிருந்தால் நிருபர்கள் திணறியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

1969

விருதைத் தொடங்கியது என்.பி.ஏ. அன்று, ‘ஸ்போர்ட்’ என்ற அமெரிக்க மாத இதழ். பரிசு ஒரு கார். பத்திரிகை கொடுத்த பரிசு என்பதால் அதன் பார்வையும் பத்திரிகைப் பார்வையாக இருந்தது: களத்தில் யார் மிகச் சிறப்பாக ஆடினார்? அவ்வளவுதான் கேள்வி.

அந்த ஆண்டுச் செல்டிக்ஸ் வயதான அணி. தன் பிரிவில் நான்காம் இடம். ரசலே வீரர், அவரே பயிற்சியாளர். எதிரே லேக்கர்ஸில் ஜெர்ரி வெஸ்ட், பெய்லர், அந்தப் பருவத்தில் புதிதாக வந்து சேர்ந்த வில்ட் சேம்பர்லின். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் 53 புள்ளிகள் எடுத்தார், லேக்கர்ஸ் 120-118. இரண்டாவதில் 41, அதுவும் லேக்கர்ஸுக்கே. மூன்றாவது செல்டிக்ஸுக்குப் போனது. நான்காவதில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த செல்டிக்ஸுக்காக, கடைசி நொடியில் சாம் ஜோன்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழ, 89-88. ஐந்தாவதை லேக்கர்ஸ் வென்றாலும் வெஸ்டுக்குத் தொடைத் தசைநார் பிடித்துக்கொண்டது. ஆறாவது செல்டிக்ஸுக்கு.

மே 5, ஏழாம் ஆட்டம், லேக்கர்ஸின் சொந்த மைதானமான ஃபோரம். உரிமையாளர் ஜாக் கென்ட் குக், வெற்றி நொடியில் கொட்டுவதற்கென்று கூரையில் பலூன்களை மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். எதிரணிக்கு இதைவிட நல்ல உசுப்பேற்றல் கிடைக்காது. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது செல்டிக்ஸ் 15 புள்ளிகள் முன்னிலை. நொண்டியபடியே வெஸ்ட் அதை அரித்தெடுத்தார். சுமார் ஐந்து நிமிடம் இருக்கையில் முழங்காலில் அடிபட்டுச் சேம்பர்லின் வெளியேறினார்; பிறகு திரும்பி வரத் தயார் என்று அவர் சொன்னபோது பயிற்சியாளர் வான் பிரேடா கோல்ஃப் இறக்க மறுத்துவிட்டார். வித்தியாசம் ஒரே புள்ளியாகச் சுருங்கிய கட்டத்தில் டான் நெல்சன் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் மோதி, நேரே மேலே எழும்பி, கூடைக்குள்ளேயே விழுந்தது. 108-106. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன.

வெஸ்டின் கணக்கு: 42 புள்ளிகள், 13 ரீபவுண்ட்கள், 12 அசிஸ்ட்கள். தொடர் முழுக்கச் சராசரி 38க்கு ஒரு மயிரிழை குறைவு. ரசலின் கடைசி ஆட்டக் கணக்கு: 6 புள்ளிகள், 21 ரீபவுண்ட்கள். இதழ் கேட்ட கேள்விக்கு வெஸ்ட் என்பதே நேர்மையான விடை. பரிசாக வந்த டாட்ஜ் சார்ஜர் காரின் நிறம் பச்சை. செல்டிக்ஸின் நிறமும் பச்சை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டுமென்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் பாய்ந்தது.

வெஸ்ட் ஒன்பது இறுதித் தொடர்களில் ஆடி எட்டில் தோற்றவர். 1972இல் ஒருவழியாகப் பட்டம் கிடைத்தபோது அவர் எறிந்த பந்துகள் சரியாக விழவில்லை. அந்த ஆண்டு விருதைச் சேம்பர்லின் பெற்றார்.

வென்றவர் கணக்கு

1970இல் திசை மாறியது. நியூயார்க் நிக்ஸ் அணியின் வில்லிஸ் ரீட், ஐந்தாம் ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்து ஆறாம் ஆட்டத்துக்கு வரவில்லை. ஏழாம் ஆட்டத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர் நுழைந்ததும் கூட்டம் கொந்தளித்தது. முதல் இரண்டு எறிகளையும் கூடையில் போட்டார்; அதற்குமேல் ஒரு புள்ளியும் இல்லை. அன்று 36 புள்ளிகளும் 19 அசிஸ்ட்களும் எடுத்து ஆட்டத்தை வென்று கொடுத்தவர் வால்ட் ஃபிரேசியர். விருது ரீடுக்கு. காயத்துக்கு முன் தொடரில் அவர் ஆடிய ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது தகாத தேர்வு அல்ல. ஆனால் வெற்றியை ஒரு முகத்தில் சொல்லும் பழக்கம் இங்கே தொடங்கிவிட்டது.

1980இல் இது இன்னும் துலக்கமாகிறது. பிலடெல்பியாவுக்கு எதிரான முதல் ஐந்து ஆட்டங்களில் சராசரி 33 புள்ளிகளுக்கு மேல் எடுத்த லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார், கணுக்கால் காயத்தால் ஆறாம் ஆட்டத்துக்குப் பயணமே செய்யவில்லை. அவருடைய சென்டர் இடத்தில் இறங்கிய 20 வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளிகள், 15 ரீபவுண்ட்கள், 7 அசிஸ்ட்கள் எடுத்து முடித்துவைத்தார். விருதும் அவருக்கே. ஐந்து ஆட்டங்களின் உழைப்பை ஓர் இரவு வென்றது. அந்த இரவைக்கூட அமெரிக்காவின் பல நகரங்களில் நள்ளிரவை ஒட்டிய ஒளிபரப்பாகத்தான் பார்க்க முடிந்தது. இன்று சென்னையில் விடிகாலை எழுந்து நேரலையில் பார்க்கும் ரசிகருக்கு இது நம்பச் சற்றுக் கடினம்.

இடையில் நடந்த ஒரு மாற்றத்தைத் தவறவிடக் கூடாது. 1977இல் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்ற போர்ட்லேண்ட் அடுத்த நான்கையும் வென்றது. ஆறாம் ஆட்டத்தில் பில் வால்டன் எடுத்தது 20 புள்ளிகள், 23 ரீபவுண்ட்கள், 7 அசிஸ்ட்கள், 8 பிளாக்குகள். அந்த எட்டும் ஸ்கோர் ஷீட்டில் இருக்கிறது. ரசல் ஆண்டுக்கணக்கில் செய்த வேலைக்கு இறுதித் தொடரில் முதன்முறையாக எண் வடிவம் கிடைத்து, விருதும் கிடைத்தது அப்போதுதான் என்று நான் கருதுகிறேன்.

மைக்கேல் ஜோர்டனின் ஆறு விருதுகளில் (1991-93, 1996-98) விவாதத்துக்கு இடமே இல்லை. 1993இல் சராசரி 41. 1998இன் கடைசி ஆட்டத்தில் 45 புள்ளிகள், 5.2 விநாடிகள் இருக்கையில் பட்டத்தை முடித்த எறி. அவரோடு ஆறு பட்டங்களையும் வென்ற ஸ்காட்டி பிப்பனுக்கு ஒன்றும் இல்லை. 1991இல் மேஜிக் ஜான்சனைக் களம் முழுவதும் துரத்திக் கட்டிப்போட்டவர் அவர். ஒருவரைப் பந்து வாங்கவிடாமல் செய்வதற்கு இன்னும் தனிக் கட்டம் இல்லை.

பெயர் சூட்டிய பின்

2009 பிப்ரவரியில் விருதுக்கு ரசலின் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த ஜூனில் அவரே கோபி பிரையன்டிடம் கோப்பையைக் கொடுத்தார்.

2015இல் விருது சிக்கலானது. கோல்டன் ஸ்டேட் 1-2 எனப் பின்தங்கியபோது பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து ஆண்ட்ரே இகுவோடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். அந்தப் பருவம் முழுவதும் பெஞ்சிலிருந்து இறங்கியவர் அவர். லெப்ரான் ஜேம்ஸை மறிக்கும் பொறுப்பு அவருக்கு. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டம் வாங்கினார்கள். காயத்தால் இரு நட்சத்திரங்களை இழந்த கிளீவ்லேண்டை ஒற்றை ஆளாக இழுத்துவந்த லெப்ரானின் சராசரி 35.8 புள்ளிகள், 13.3 ரீபவுண்ட்கள், 8.8 அசிஸ்ட்கள். பதினொரு ஊடகர்கள் வாக்களித்தார்கள். இகுவோடாலா 7, லெப்ரான் 4.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். தடுப்பாட்டத்துக்கு மதிப்புக் கிடைத்தது. ரசலின் பெயர் தாங்கிய விருதுக்கு அது பொருத்தமே. ஆனால் அந்த மதிப்பு கிடைத்ததே எதிராளி கிட்டத்தட்ட 36 புள்ளி சராசரி வைத்திருக்கும்போது என்பது நெருடுகிறது. கோல்டன் ஸ்டேட் தோற்றிருந்தால் இகுவோடாலாவின் பெயரை ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

மறு ஆண்டே 1-3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு லெப்ரான் பட்டம் வென்றார். இரு அணிகளையும் சேர்த்து, புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஆகிய ஐந்திலும் அவரே முதலிடம். அப்போது போட்டியே இல்லை. 2021இல் மில்வாக்கியின் யானிஸ் ஆன்டெட்டோகூன்போ ஆறாம் ஆட்டத்தில் 50 புள்ளிகளோடு பட்டத்தை முடித்து, பெட்டிட்டின் 63 ஆண்டுக் கணக்கைச் சமன் செய்தார். கூடவே 5 பிளாக்குகள். 2024இல் செல்டிக்ஸில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் முன்னின்றவர் ஜேசன் டேட்டம். வாக்கு 7-4 என ஜெய்லன் பிரவுனுக்கு விழுந்தது. எதிரணியின் லூகா டான்சிச்சை மறித்த வேலையும் அந்தத் தேர்வில் பெரிதும் பேசப்பட்டது. ஸ்கோர் ஷீட்டுக்கு வெளியே பார்க்கும் கண் வந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் அந்தக் கண் வென்ற அணியின் பக்கம் மட்டுமே திரும்புகிறது. தோற்ற அணி வீரருக்கு விருது கூடாது என்று நடைமுறையில் தடை எதுவும் இல்லை. லெப்ரானுக்கு விழுந்த நான்கு வாக்குகளே அதற்குச் சாட்சி. அப்படியிருந்தும் 1970 முதல் 2025 வரை விருது பெற்ற ஒவ்வொருவரும் பட்டம் வென்ற அணிக்காரர். 2015 வாக்கு, என் கணிப்பில், தவறான தீர்ப்பு. 1969இல் ஒரு மாத இதழ் காட்டிய துணிவை அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் காட்டவில்லை.