முழங்காற் பிறைச்சவ்வின் சரித்திரம்

முழங்கால் நொந்தால் "வயதாகிவிட்டது" என்று தைலம் தந்தனுப்புவார் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உண்டு. சரித்திரம் வேறு கூறுகின்றது. 1883-ல் எடின்பரோ ரணவைத்தியர் தாமஸ் அன்னண்டேல், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் இடம்பெயர்ந்த பிறைச்சவ்வைத் தைத்து நிறுத்தினார். அவரும் நம்போல் உழைப்பாளியே! பின்வந்தோரோ அச்சவ்வைப் பயனற்றதென்று அறுத்தெறிந்தனர். அறுத்த மூட்டின் இடைவெளி குறுகுவதை 1948-ல் பேர்பாங்க் எக்ஸ்ரே படங்களாற் காட்டினார். 1982-ல் ஆர்னாக்ஸ்கி, வாரன் இருவரும் சவ்வின் வெளியோரத்துக்கே இரத்தம் பாய்வதைக் கண்டனர். ஆகவே அவ்விடத்துக் கிழிசல் தைத்தாற் கூடும். முதியோர்க்குப் பெரும்பாலும் தேய்ந்த கிழிசல். நைந்த துணியில் தையல் நிற்குமோ? அதைச் சீவியெடுப்பதும் பொய்ச் சிகிச்சையினும் மேலன்றென 2013-ல் பின்லாந்து ஆராய்ச்சி காட்டியது. தொடைத்தசைப் பயிற்சியே அவர்க்கு முதல் மருந்து. ஆனால் மழைமேட்டில் வழுக்கிக் கால் திருகிய நாற்பது கடந்த பால்வெட்டுக்காரரின் புதுக்கிழிசல் வேறு. தைத்தால் இளைஞருக்குப்போல் அவருக்கும் அது கூடுவதுண்டு.