நாகலாபுரம் தந்த மன்னரின் முகம்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாகத் திருப்பதி போகிறவர்கள் நாகலாபுரத்தைக் கடந்துதான் போவார்கள். முன்பு அரிகண்டபுரம் எனப்பட்ட ஊர் இது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக இதற்கு இப்பெயரை இட்டார். இங்குள்ள வேதநாராயணர் கோயிலைப் பெரிதாக எடுத்துக் கட்டியவரும் அவரே. மூலவர் மச்சாவதாரக் கோலம். இடுப்புக்கு மேலே பெருமாள், கீழே மீன். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மாலை வெயில் கருவறைக்குள் நுழையும். முதல் நாள் திருவடியிலும், மறுநாள் உந்தியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படும்.

தாயார் பெயர் ஊராக நிலைத்துவிட்டது. மகனுக்கு முகமும் நிலைத்திருக்கிறது. ஆனால் எந்த முகம்? இக்கட்டுரையின் கேள்வி அதுதான்.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. எங்கள் சங்கத்து இளைஞர்கள் சிலர் ஒரு கண்காட்சிக்காக ராயரின் மார்பளவுச் சிலையைக் களிமண்ணில் செய்தார்கள். முதலில் உருவானது முறுக்கு மீசை, மார்புக் கவசம், உயர்ந்த கிரீடத்தோடு ஒரு ராஜா. எல்லாம் காலண்டரிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வந்தவை. 1956-இல் வெளிவந்த ‘தெனாலிராமன்’ படத்தில் என்.டி.ராமாராவ் ராயராக நடித்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ராயர் என்றால் இன்றும் அந்த முகந்தான். மண் ஈரமாக இருந்ததால் திருத்த வழி இருந்தது. எதை வைத்துத் திருத்துவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் இரண்டு சாட்சிகளைச் சொன்னேன்.

முதல் சாட்சி திருமலையில் இருக்கிறது. ராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தவர். கோயிலின் மகாதுவாரத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் உள்ள மண்டபத்தில் அவரும், திருமலாதேவி, சின்னாதேவி என்னும் இரு தேவியரும் உலோகச் சிலைகளாக நிற்கிறார்கள். யார் எவர் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை; தோளில் பெயர் பொறித்திருக்கிறது. இந்தச் சிலையில் வாளும் இல்லை, கவசமும் இல்லை. கைகூப்பிய பக்தராக நிற்கிறார். தலையில் இருப்பது கிரீடம் அன்று. ‘குல்லாயி’ என்னும் நீண்ட கூம்புக் குல்லாய். பாரசீகச் சொல்லான ‘குலா’வே இப்படித் திரிந்தது. சுல்தான்களோடு போரிட்ட அரசவை, அவர்களுடைய தலையணியைத் தனக்கும் வைத்துக்கொண்டது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

இரண்டாம் சாட்சி ஓர் அயல்நாட்டார். போர்ச்சுகீசியரான தொமிங்கோ பயஸ் 1520 வாக்கில் விஜயநகரம் வந்து ராயரை நேரில் பார்த்து எழுதிவைத்தார். அதை ராபர்ட் சீவெல் 1900-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பயஸ் கண்ட ராயர் நடுத்தர உயரம். சற்றுப் பூசினாற்போன்ற உடம்பு. முகத்தில் அம்மைத் தழும்பு. விடியுமுன் ஏறத்தாழ 400 மில்லி நல்லெண்ணெய் குடிப்பாராம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, சுட்ட மண்ணால் ஆன கனத்த எடைகளைத் தூக்கி, வாள் பயிற்சி செய்து, குடித்த எண்ணெய் வியர்வையாக வெளியேறும்வரை உழைப்பார். அப்புறம் மல்யுத்தம், குதிரையேற்றம்!

இரண்டு சாட்சிகளும் ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்துப்போகவில்லை. திருமலைச் சிலையின் முகம் வழவழப்பானது. கோயில் சிற்ப மரபு அப்படி. பயஸ் சொல்வது ஓர் ஆளின் முகம். பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே மண்ணைத் திருத்தினார்கள். கிரீடத்தை அறுத்தெடுத்துக் குல்லாயி வைத்தார்கள். கவசத்தைச் சுரண்டிவிட்டுத் தோளிலும் கழுத்திலும் மண் சேர்த்தார்கள். தினமும் எடை தூக்கியவர் அல்லவா? மார்பளவுச் சிலையில் கூப்பிய கை தெரியாது. ஆனால் கை கூப்பினால் தோள் சற்று முன்னே வரும். அந்த முன்சாய்வைக் கொடுத்ததும் வணங்கும் பாவனை தானாக வந்துவிட்டது. மீசையும் போயிற்று.

தகராறு வந்தது அம்மைத் தழும்பில். “ராஜாவுக்குப் போய் அம்மை வடுவா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்றார் சங்கத்துப் பெரியவர் ஒருவர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தழும்புக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்தில், மெக்சிகோவில், அஸ்டெக் பேரரசர் மொக்டெசுமா ஆண்டுகொண்டிருந்தார். 1519-இல் சப்புல்தெபெக் குன்றின் பாறையில் தம் உருவத்தைச் செதுக்கச் சொன்னார். பிற்காலத்தில் அதை உடைத்துவிட்டார்கள். இன்று சிதைந்த சுவடுகளே மிச்சம். 1520-இல் ஸ்பானியரோடு பெரியம்மை அங்கே போனது. அதுவரை அந்த நோயையே அறியாத மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். மொக்டெசுமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த குயிட்லாஹுவாக்கும் அதில்தான் இறந்தார். 1521-இல் தலைநகர் டெனோச்டிட்லான் வீழ்ந்தது. நம் நாட்டில் அம்மை பழைய நோய். ராயர் அது வந்து பிழைத்தவர், பிழைத்து ஆண்டவர். அந்தத் தழும்பு அவருக்கு இழுக்கு ஆகுமா?

பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். “சரி, லேசா வைங்கப்பா” என்றார். மண் பாதி காய்ந்த பதத்தில் ஈர்க்குச்சி நுனியால் கன்னத்தில் சில புள்ளிகள் வைத்தார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் அவை தெரியும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வரலாறு பெரும்பாலும் படமாகவும் பொம்மையாகவுமே வந்து சேர்கிறது. அந்தப் பொம்மை எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும். ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ பாடிய மன்னர் தமிழர்க்கும் உரியவர், தெலுங்கர்க்கும் உரியவர், கன்னடர்க்கும் உரியவர். அவரை ஒவ்வொருவரும் தத்தம் சினிமா ராஜாவாக ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த முறை திருமலை போகும்போது, உள்ளே ‘ஜருகண்டி’ என்று தள்ளுவதற்கு முன், பிள்ளைகளுக்கு அந்த வலப்பக்க மண்டபத்தைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் நாகலாபுரத்திலும் இறங்கி, ஊர்ப்பெயரில் வாழும் அந்தத் தாயை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.