விரைந்து வரும் வண்டியும் நடந்து வரும் மனிதரும்

விபத்து நேர்ந்த இடத்தில் கூடி நிற்கும் ஜனங்கள், தூரத்தில் ஆம்புலன்ஸின் சைரன் ஒலி கேட்ட மாத்திரத்தில் சற்றே ஆறுதலடைந்து, ஒருவரையொருவர் விலக்கிக்கொண்டு வண்டிக்கு வழி உண்டாக்கிக் கொடுத்தபின், அதிலிருந்து இறங்குகிற சீருடைக்காரர் ஓடி வராமல், பையை எடுத்துத் தோளில் மாட்டி, நாற்புறமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே வருவதைக் காண நேர்ந்தால், "இங்கே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் கோயில் பிராகாரம் சுற்றுகிறவனைப் போல வருகிறானே!" என்று கொதித்தெழுவது உலக இயற்கை. அந்தக் கோபத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அந்த நடைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. வண்டியின் வேகம் எந்த யுத்தகளத்தில் பிறந்ததோ, அதே யுத்தகளத்தில்தான் அந்த நிதானமும் பிறந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரையில், காயம்பட்ட சிப்பாயைச் சண்டை நடக்கும்போதே தூக்கிச் செல்லும் ஏற்பாடு ஐரோப்பியச் சேனைகளில் இல்லை என்றே சொல்லலாம். 1792ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசின் ரைன் நதிச் சேனையில் சேர்ந்த டொமினிக் ழான் லாரே என்ற இளம் ரண வைத்தியர், வைத்திய வண்டிகள் களத்துக்கு ஒரு லீக், அதாவது இரண்டரை மூன்று மைல், பின்னால்தான் நிற்க வேண்டும் என்ற ராணுவ விதியையும், சண்டை ஓய்ந்த பின்னரே அவை புறப்பட்டு, பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் சாமான் வண்டிகளுக்கிடையே ஊர்ந்து, ஒரு நாளோ ஒன்றரை நாளோ கழித்துக் களத்தை அடைவதையும், அதற்குள் அங்கே கிடந்தவர்களில் மிகப் பலர் மாண்டுபோவதையும் கண்டு மனம் நொந்தார். அதே சேனையில், லேசான பீரங்கிகளைக் குதிரைகளில் பூட்டிக்கொண்டு இடத்துக்கிடம் பாய்ந்து திரிந்த படையொன்று ‘பறக்கும் பீரங்கி’ என்று பெயர் பெற்றிருந்தது. குண்டை இத்தனை விரைவாகக் கொண்டுபோக முடியுமானால், குண்டடி பட்டவனை ஏன் அத்தனை விரைவாகக் கொண்டுவர முடியாது என்று லாரே யோசித்ததன் பலனாகத் தோன்றியதே ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’. 1797இல் இத்தாலியப் படையெடுப்பின்போது அது சுமார் 340 பேர் கொண்ட, மூன்று பிரிவாக வகுக்கப்பட்ட ஒரு தனிப்படையாகவே உருவெடுத்தது.

அந்த வண்டியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இரண்டு குதிரைகள் இழுக்கும் இரு சக்கர வண்டி. இருவரைப் படுக்க வைக்கலாம். பக்கங்களில் காற்றுக்காகச் சிறு சாளரங்கள். உட்சுவர்களில் மெத்தை தைத்திருக்கும். தரையோ தனியே உருவி எடுக்கக்கூடிய ஒரு சட்டம்; அதன் மேல் குதிரை மயிர் திணித்துத் தோல் போர்த்திய மெத்தை; அடியில் சிறு உருளைகள். காயம்பட்டவனைக் குலுக்காமல் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் அந்த உருளைகள் உதவின. வண்டியும் வில்லின் மேல் தொங்கவிடப்பட்டிருந்தது. ஆகவே வேகத்தின் தந்தை என்று நாம் கொண்டாடுகிற இந்த மனிதரே, வேகத்தினால் நோயாளிக்கு நேரக்கூடிய தீங்கை நன்கு அறிந்து, அதற்குப் பரிகாரமும் தேடியவர் என்பது அந்த வண்டியைப் பார்த்தாலே விளங்கும். களத்தில் முதலில் யாரைத் தொடுவது என்பதிலும் அவர் பரபரப்புக்கு இடம் தரவில்லை. பதவியையும் அந்தஸ்தையும் பாராமல், அபாயம் மிகுந்தவனுக்கே முதல் சிகிச்சை என்பது அவர் வகுத்த நியதி. இந்த நியதியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் ஒருவன் முதலில் நின்று பார்க்க வேண்டும். ஓடுகிறவன் கண்ணில் முதலில் படுவது அலறுகிறவனே ஒழிய, அலறக்கூட இயலாமல் கிடக்கிறவன் அல்லன்.

லாரேயின் சமகாலத்தவரும் அவருக்கு இணையான புகழ் படைத்தவருமான பியர் பிரான்ஸ்வா பெர்சி வேறொரு மார்க்கத்தைக் கண்டார். காயம்பட்டவனை வைத்தியரிடம் கொண்டுவருவதைவிட வைத்தியரையே காயம்பட்டவனிடம் கொண்டுபோவது மேல் என்று கருதிய அவர், நீண்டு உருண்ட ஒரு வண்டியின் மேல் ரண வைத்தியர்கள் குதிரையின் மேல் அமர்வதுபோல் கால்களைப் பரப்பி வரிசையாக உட்கார்ந்து களத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். பார்ப்பதற்குச் சற்று வேடிக்கையான காட்சிதான். அந்த வண்டி நிலைக்கவில்லை. ஆயினும் அவர் வகுத்த மற்றொரு படை நிலைத்தது. அதுதான் தூக்குக்கட்டில் சுமப்போர் படை. ஒவ்வொருவனும் ஒரு கழியைக் கையில் ஏந்தி, கட்டிலின் பாதியைத் தன்னுடன் கொண்டு செல்வான். இருவர் சேர்ந்தால் ஒரு கட்டிலாகும். இன்று வரையில் ஓயாத வாக்குவாதத்தின் இரு கட்சிகளும், அள்ளிக்கொண்டு ஓடு என்பதும், நின்று வைத்தியம் செய் என்பதும், இவ்விருவரிடமே தொடங்கிவிட்டன.

சுமக்கிற மனிதன் வந்தவுடன் நடை ஒரு சாஸ்திரமாயிற்று. இங்கிலாந்தில் 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் நிறுவப்பட்டது. மறு ஆண்டே ராணுவ வைத்தியரான பீட்டர் ஷெப்பர்டு என்பவர் ஊலிச் நகரத்தில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகள் நடத்தினார். அந்தக் காலத்துப் பயிற்சி நூல்களில் தூக்குக்கட்டில் பற்றிய அத்தியாயம் நாட்டிய சாஸ்திரத்துக்கு நிகரான நுணுக்கம் உடையது. முன்னால் பிடிப்பவன் இடக்காலை எடுத்து வைக்கும்போது பின்னால் பிடிப்பவன் வலக்காலை எடுத்து வைக்க வேண்டும். இருவரும் ஒரே காலை எடுத்து வைத்தால் கட்டில் ஊஞ்சலாகிவிடும். சிப்பாயின் சாதாரண அடி 30 அங்குலம். சுமப்பவனின் அடியோ 20 அங்குலத்துக்கு மேற்படலாகாது. முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் உயர்த்தக்கூடாது. பள்ளத்தைத் தாண்டிக் குதிப்பதும், சுவரின் மேல் தூக்கிக் கடத்துவதும் கூடியவரை விலக்கத்தக்கவை. இத்தனையும் மரியாதைக்காக விதிக்கப்பட்டவை அல்ல. முறிந்த தொடையெலும்பின் கூரிய முனை ஒரு குலுக்கலில் ரத்தக்குழாயைக் கிழித்துவிடும். உறைந்து நின்ற ரத்தம் மறுபடியும் பெருகத் தொடங்கிவிடும். ஷெப்பர்டு 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் இசண்டல்வானா போரில் மாண்டார். தப்பிப் பின்வாங்கும் வழியில், காயம்பட்ட ஒருவனைப் பார்க்க நின்றதனால் உயிரிழந்தார் என்று சொல்வார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, அதே தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், இந்த நடைக்கு ஒரு பெரும் பரீட்சை நேர்ந்தது. அதில் தேறியவர்களில் நம்மவர்களும் உண்டு. போயர் யுத்தம் மூண்ட 1899இல் காந்தியடிகள் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 800 பேர் கரும்புத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் உழைத்து வந்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு அவ்வாறு சென்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே ஆதலால், அந்தத் தூக்குக்கட்டில்களின் கழிகளைப் பற்றிய கைகளில் பல தமிழ்க் கைகள் என்று கொள்வதில் தவறில்லை. பூத் என்ற பாதிரி வைத்தியர் படைத் தலைவர்களுக்குப் பயிற்சி அளித்தார். துப்பாக்கி வீச்சின் எல்லைக்குள் அவர்களை அனுப்புவதில்லை என்பது முதலில் செய்துகொண்ட ஏற்பாடு. 1900 ஜனவரியில் ஸ்பியான் காப் மலையில் ஆங்கிலேயர் பெருந்தோல்வி அடைந்தபோது அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அவர்களும் மறுக்காமல் உள்ளே சென்றார்கள். அந்நாட்களில் அவர்கள் கட்டிலில் காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஒரு நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள் என்றும், அவ்வாறு சுமக்கப்பட்டவர்களுள் தளபதி உட்கேட்டும் ஒருவர் என்றும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குண்டு பாயும் மேட்டிலிருந்து இறங்கும்போதும் கட்டில் அசையலாகாது என்பதற்காக ஓட்டத்தை அடக்கி நடப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். பதக்கங்கள் 37 தலைவர்களுக்குக் கிடைத்தன. கூலிகளின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

நகரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்த கதையில் வேகமே பிரதானம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குச் சேனையின் வைத்தியராக இருந்த எட்வர்டு டால்டன், 1869இல் நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் இலாகா ஒன்றை நிறுவினார். அழைப்பு வந்தவுடன் சேணத்தைக் குதிரையின் மேல் நொடியில் மாட்டிக்கொண்டு, அரை நிமிஷத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிடும் என்று அக்காலத்தவர் வியந்தனர். ஆசனத்தின் அடியில் ஒரு குவார்ட் பிராந்தி, ரத்தத்தை நிறுத்தும் இரண்டு இறுக்குப் பட்டைகள், ஆறு கடற்பஞ்சுகள், கட்டுத்துணிகள், முறிந்த எலும்புக்கு வைக்கும் தப்பைகள் முதலியன இருந்தன. பிராந்தியை யார் குடித்தார்கள் என்பதைப் பற்றி நான் ஊகம் செய்யப்போவதில்லை. எப்படியாயினும், வண்டியில் ஒரு வைத்தியர் இருந்தார். பின்னாளில் மோட்டார் வந்து வேகம் பன்மடங்காகப் பெருகியபோது, வண்டிக்குள் இருந்த வைத்தியர் மறைந்துபோனார். 1960ஆம் ஆண்டுகள் வரையில் அமெரிக்காவின் ஆம்புலன்ஸ்களில் ஏறக்குறையப் பாதியை நடத்தியவர்கள் பிரேத அடக்கம் செய்யும் கம்பெனியார். ஒருவனைப் படுக்க வைக்கக்கூடிய நீளமான வண்டி அவர்களிடமே இருந்தது என்பது காரணம். செய்வதற்கு ஒன்றும் அறியாதவர் கைக்கு வண்டி போனபோது, ஓட்டம் ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சிய வைத்தியம்.

இந்த நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்து இருதய வைத்தியர் பிராங்க் பான்ட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, மலேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட எத்தனையோ ஆயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மடிந்த அந்தச் சயாம் பர்மா ரயில் பாதைப் பிரதேசத்தில் வதைபட்டு உயிர் தப்பியவர் அவர். மாரடைப்பில் இறப்பவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கு வருமுன்னரே இறந்துவிடுகிறார்கள் என்பதைக் கண்ட அவர், 1966இல், மின்சார அதிர்ச்சியால் இருதயத்தின் ஒழுங்கற்ற துடிப்பை நிறுத்திச் சீராக்கும் கருவியைக் கார் பேட்டரிகளால் இயங்கச் செய்து வண்டியில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்படி யாரும் யாரையும் கேட்டிருக்க முடியாது. சில ஆண்டுகளுக்குள் அது மூன்று கிலோ அளவுக்குக் குறைந்துவிட்டது. பெர்சியின் பழைய கனவு பெல்பாஸ்டில்தான் பலித்தது: ஆஸ்பத்திரியே நோயாளியிடம் போயிற்று.

அதன்பின் சீருடைக்காரரின் நடைக்குப் புதிய அர்த்தம் ஏற்பட்டது. கை வேலைக்காக வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தால், தன் நெஞ்சுத் துடிப்பே காதில் அடிக்கும்போது பிறர் நாடியைப் பார்ப்பது கடினம். நடுங்கும் விரல்களால் நரம்பில் ஊசி ஏற்றுவது அதனினும் கடினம். அறுந்து கிடக்கும் மின்கம்பியும், கொட்டிக் கிடக்கும் பெட்ரோலும், பைத்தியம் பிடித்தாற்போல் நிற்கும் உறவினரும், நடந்து வருகிறவர் கண்ணுக்கே தப்பாமல் படும். நோயாளியின் அருகே பரபரப்பு கூடாது என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கண்டித்து எழுதியதும், தீ விபத்துக்கும் ரத்தப் பெருக்குக்கும் அன்றி நர்ஸ் ஓடக்கூடாது என்று ஆங்கில ஆஸ்பத்திரிகளில் வழிவழியாகச் சொல்லி வந்ததும் இதே கருத்தைப் பற்றியவைதாம். ஆனால் இந்த நிதானத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் வைத்தியரே வண்டியில் வந்து, நோயாளியை நிலைப்படுத்திய பின்னரே மெல்லக் கொண்டுசெல்வது முறை. 1997 ஆகஸ்டு 31ஆம் தேதி நள்ளிரவுக்குப்பின் பாரிஸில் விபத்துக்குள்ளான டயானா இளவரசி ஆஸ்பத்திரியை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே ரத்தம் கசியும் காயத்துக்கு இந்த முறை ஏற்றதா என்று உலகம் முழுவதும் அப்போது வாதித்தது. உடலுக்குள் பெருகும் ரத்தத்தைத் தெருவில் நின்று யாரும் நிறுத்த முடியாது என்பதால், அந்த ஒரு விஷயத்தில் நான் லாரேயின் கட்சி.

இருதயம் நின்றுபோன மனிதனுக்கோ இரு கட்சியும் போதாது. ஒவ்வொரு நிமிஷமும் அவன் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு வரை கழிந்துகொண்டே போகிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியானாலும், வேறெந்த நகரத்து வண்டியானாலும், எத்தனை வேகமாக வந்தாலும் அந்த முதல் சில நிமிஷங்களுக்குள் வந்து சேர்வது அரிது. வண்டியிலிருந்து படுத்திருப்பவன் வரையில் உள்ள முப்பது அடியை ஓடிக் கடப்பதால் கிடைப்பது சில விநாடிகளே. ஓட்டமும் நடையுமாக வரவேண்டியவர் ஒருவர் உண்டென்றால், அவர் சீருடைக்காரர் அல்லர். பக்கத்து வீட்டுக்காரர், சக பிரயாணி, கடைக்காரர். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் கௌவன்ஹோவன் என்ற மின்சார எஞ்சினியரும் அவருடைய சகாக்களும், மார்பை அழுத்தியே ரத்த ஓட்டத்தை நடத்திவைக்கலாம் என்று 1960இல் நிரூபித்துப் பிரசுரித்தபோது, அதற்கு வேண்டிய கருவியாக அவர்கள் குறிப்பிட்டது இரண்டு கைகளை மாத்திரமே.