வானூர்திக்கு வழி சொல்பவர்

பாயான் லெப்பாசில் இறங்கும் விமானங்களை நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவற்றுக்குத் தரையிலிருந்து வழி சொல்பவரே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்.

1920-இல் லண்டனுக்கு அருகே குரோய்டனில் உலகின் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. பினாங்கு விமான நிலையம் 1935-இல் திறக்கப்பட்டது. 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தம், நாடுகளுக்குப் பொதுவான விதிகள் பிறக்க வழிவகுத்தது.

விதி இருந்தும் சொல் பிசகியது. 27.3.1977 அன்று தெனெரீபே தீவில், மூடுபனியில், அனுமதி கிடைத்துவிட்டதென எண்ணிப் புறப்பட்ட விமானம், ஓடுபாதையிலிருந்த இன்னொன்றில் மோதியது. மாண்டவர் 583 பேர்.

அதன்பின், எந்தச் சொல்லை எப்போது சொல்வது என்பது கண்டிப்பாக வரையறுக்கப்பட்டது. கட்டளையை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைச் செவிமடுத்துச் சரிபார்க்க வேண்டும். பன்னாட்டு விமானங்களுக்கு வழிகாட்டுவோர் ஆங்கிலத் தேர்ச்சியை நிரூபிப்பதும் 2008-இல் கட்டாயமாயிற்று.

ஆகவே கல்லூரிப் பட்டம் ஒரு படிதான். தனிப் பயிற்சி, கண் காது பரிசோதனை, உரிமம் ஆகியவை அடுத்த படிகள். உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, முதல் படி தோட்டப் பள்ளியில் இருக்கிறது. கணிதமும் ஆங்கிலமும் அங்கேதான் வேர்விடுகின்றன. மகனோ மகளோ, படித்ததைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், அருகிலிருந்து கேளுங்கள்.